கணினிச் சாளரங்களும் காலமறிந்து ஆக்கலும்

கணினித் திரையில் ஒரு செய்நிரல் தன் பணிக்கென வகுத்துக்கொள்ளும் நாற்கோண வெளியைச் சாளரம் என்பர். வீட்டில் யன்னல் என்று போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்லால் வழங்கும் பொருள், கணினியுட் புகுந்தவுடன் பழைய தமிழ்ப் பெயரைப் பெற்றுக்கொண்டமை மகிழ்ச்சிக்குரியது. பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு. வீட்டுச் சாளரம் மனை கட்டும்பொழுதே வைக்கப்படல் வேண்டும். பின்னர் வைக்கப் புகின் சுவரை இடிக்க நேரும். கணினிச் சாளரமோ எக்கணத்தும் ஆக்கப்படலாம், எக்கணத்தும் அழிக்கப்படலாம், சுவருக்கு ஊறு நேராது. இவ்வேறுபாட்டை மறந்து, செய்நிரல் தொடங்கும் அந்தக் கணத்திலேயே அதன் சாளரங்கள் அனைத்தையும் ஆக்கி அடுக்கிவைக்கும் வழக்கம் செய்நிரலரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. இன்றும் பல அலுவலகங்களில் இயங்கும் செய்நிரல்கள் அவ்வழக்கத்தின் விளைவுகளே. அவ்வழக்கம் எவ்வாறு வந்தது, அதனால் வரும் கேடு யாது, வேண்டும்பொழுது மட்டும் சாளரத்தை ஆக்கும் முறை யாது, அம்முறைக்கும் உரிய குறைகள் எவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை அண்மித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கணினியின் விலையும் உடன் உயர்ந்தது. கழித்துவிடுவதற்கென ஒதுக்கிய பழைய கணினிகளே அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் மீண்டும் மேசைமேல் ஏறின. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதையும் நினைவிற் கொள்க. மின்சாரம் மீளும்தோறும் கணினியும் செய்நிரலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தன. காலையில் ஒரு முறை பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதம், நாளில் நான்கு முறை வரும்பொழுது பொறுக்கத் தக்கதன்று. "கணினி பழையது, ஆகவே மந்தமானது" என்று பலரும் முடிவு கட்டினர். அம்முடிவு ஓரளவே உண்மை. கணினியைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன், அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை வேண்டியதுதானா என்பதை வினவியிருத்தல் வேண்டும்.

முதற்கண் ஒரு சாளரம் எவற்றால் ஆயது என்பதை அறிதல் நன்று. செய்நிரலர் எழுதுவது சாளரமன்று. சாளரம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் விவரணமே அவர் எழுதுவது. இதனை வகுப்பு என்பர். தருக்க நூலார் வழக்கிற் கூறுவதாயின், குயவன் மனத்திலுள்ள குடத்தின் வடிவம் இது. இதில் நீர் முகத்தல் இயலாது. அவ்விவரணத்தைப் படித்து, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, உரிய பெறுமானங்களை இட்டு நிரப்பும்பொழுதே சாளரம் என்னும் பொருள் பிறக்கின்றது. அதன்பின் அது பணிசெயல் முறைமையை அணுகித் தனக்கென ஓர் அடையாள எண்ணைப் பெறுகின்றது. இவ்வெண்ணைக் கைப்பிடி என்பர். மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் வின்டோஸ் முறைமையில் ஒரு சாளரத்துள் அமைந்த பொத்தான், எழுதும் பெட்டி, தெரிவுப் பட்டியல் ஆகிய உறுப்புக்களும் பெரும்பாலும் தனித்தனிச் சாளரங்களாகவே கணிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடியைப் பெறும். அறுபது உறுப்புக்களைக் கொண்ட ஒரு படிவம் காண்பார்க்கு ஒன்று. முறைமையின் கணக்கில் அறுபத்தொன்று. இவையன்றி எழுத்துரு, தூரிகை, படம் முதலியவற்றுக்கும் இடம் வேண்டும்.

இக்கைப்பிடிகள் அளவற்றவை அல்ல. 1992 இல் வெளிவந்த வின்டோஸ் 3.1 இல், சாளரங்களுக்கென ஒதுக்கப்பட்ட முதன்மையான நினைவகப் பகுதி 64 கிலோபைற்று மாத்திரமே. கணினியில் எத்துணை நினைவகம் எஞ்சியிருப்பினும் அப்பகுதி நிரம்பியவுடன் புதிய சாளரம் திறவாது. பின்வந்த வின்டோஸ் முறைமைகளில் ஒரு செய்நிரல் இயல்பாகப் பெறத்தக்க சாளரக் கைப்பிடிகளின் எல்லை 10,000. இது பெருந்தொகையாகத் தோன்றும். ஆயினும் அறுபது உறுப்புக்கள் கொண்ட இருநூறு படிவங்களை ஒருங்கே உண்டாக்கும் பெரிய வணிகச் செய்நிரல் ஒன்று 12,000 ஐ எட்டிவிடும் என்பதைச் சிறு பெருக்கற் கணக்கே காட்டும்.

இனி, ஓர் உதாரணத்தைக் கற்பித்துக் காண்போம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து ஒரு கப்பல் முகவர் அலுவலகம் உண்டு எனக் கொள்க. சீனக்குடாவிலுள்ள பிறீமா மாவாலைக்குக் கோதுமை கொணரும் கப்பல், தோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிளிங்கர் கொணரும் கப்பல், எண்ணெய்க் கப்பல் என வருவனவற்றின் கணக்கை அவ்வலுவலகம் ஒரு செய்நிரல்மூலம் பேணுகின்றது. கப்பல் வரவு, சரக்குப் பட்டியல், துறைமுகக் கட்டணம், தாமதக் கட்டணம், மாலுமிகளின் விவரம், குடிநீர் வழங்கல், ஆபத்தான சரக்கு அறிவித்தல், ஆண்டிறுதி அறிக்கை என்றிவ்வாறு நாற்பது சாளரங்கள் அதில் உள. எழுதுவினைஞர் ஒருவர் ஒரு நாளிற் பயன்படுத்துவன ஐந்தோ ஆறோ. ஆண்டிறுதி அறிக்கைச் சாளரம் ஆண்டிற்கு ஒருமுறையே திறக்கப்படும். ஆயினும் காலையிற் செய்நிரலைத் தொடங்கியவுடன் நாற்பதும் ஆக்கப்படுகின்றன. ஆக்கப்பட்டும் அவை கண்ணுக்குப் புலனாகா, மறைந்தே கிடக்கும். ஒவ்வொன்றும் பிறக்கும்பொழுது தனக்கு வேண்டிய பட்டியலைத் தரவுத்தளத்தினின்று வாசிக்கும். ஒன்றுக்கு அரைச் செக்கன் வீதம் கொண்டால் இருபது செக்கன். பழைய கணினியில், மந்தமான வலையமைப்பில், இது ஒரு நிமிடத்தையும் கடக்கலாம். கப்பலின் பிரதிநிதி மேசைக்கு எதிரே நிற்க, எழுதுவினைஞர் வெறுந்திரையை நோக்கியிருக்கும் காட்சி இவ்வாறே உண்டாகின்றது. அவர் காத்திருப்பது கப்பல் வரவுச் சாளரத்திற்காக அன்று; அன்று எவரும் திறக்கப்போகாத முப்பத்தைந்து சாளரங்களுக்காக.

இவ்வழக்கம் செய்நிரலரின் சோம்பலால் மாத்திரம் வந்ததன்று. கருவிகளே அதனைக் கற்பித்தன. நிக்கிளாவுஸ் வேர்த் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் 1970 இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியின் வழித்தோன்றலாக, 1995 இல் போர்லண்டு நிறுவனம் டெல்பி என்னும் ஆக்கக் கருவியை வெளியிட்டது. அதன் முதன்மைச் சிற்பி அன்டேர்சு கெயில்சுபேர்க்கு என்பவர். சாளரத்தைத் திரையில் வரைந்து, உறுப்புக்களை இழுத்து வைத்து, சில வரிகள் எழுதியவுடன் செய்நிரல் இயங்கும். அக்காலத்தில் இது வியப்பூட்டும் எளிமை. ஆனால் அக்கருவியில் ஒரு புதிய படிவத்தைச் சேர்க்கும்தோறும், அதனைத் தொடக்கத்திலேயே ஆக்குக என்னும் ஒரு கட்டளையைக் கருவி தானாகவே முதன்மைக் கோப்பில் எழுதிவிடும். இரண்டு மூன்று சாளரங்கள் கொண்ட சிறு செய்நிரலைப் பயிலும் மாணவனுக்கு இது பேருதவி. எந்தச் சாளரத்தையும் எவ்விடத்தும் பெயர் சொல்லி அழைக்கலாம், அஃது எப்பொழுதும் உளது. அம்மாணவன் பணியில் அமர்ந்து நாற்பது சாளரங்கள் கொண்ட செய்நிரலை எழுதும்பொழுதும் அக்கட்டளைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை நீக்குவதற்குரிய இடமும் அக்கருவியிலேயே உண்டு. தானாக ஆக்கப்படும் படிவங்கள் ஒரு பக்கமும், வேண்டும்பொழுது ஆக்கத்தக்க படிவங்கள் மறுபக்கமுமாக இரு பட்டியல்கள் காட்டப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல் ஒரு சொடுக்கின் வேலை. அப்பக்கத்தைத் திறந்து பாராதார் பலர். 1999 இல் தொடங்கப்பட்டு இன்று எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாயுள்ள லாசரஸ் என்னும் கருவியும் இதே ஏற்பாட்டை உடையது. பாடசாலையிற் பாஸ்கல் மொழியைப் பயின்ற மாணவர் சாளரச் செய்நிரலாக்கத்திற்குட் புக விரும்பின் அவர்க்கு அணித்தான வாயில் அதுவேயாதலின், இக்குறிப்பு அவர்க்குப் பயன்படும்.

1991 இல் மைக்ரோசொவ்ற் வெளியிட்ட விசுவல் பேசிக் கருவி வேறு வழியிற் சென்றது. அதிலே சாளரத்தின் பெயரைச் செய்நிரலில் எங்கேனும் எடுத்து, அதன் ஒரு பண்பைத் தொட்ட மாத்திரத்தில் சாளரம் தானாகவே நினைவகத்திற் பிறந்துவிடும். வேண்டும்பொழுது ஆக்கல் என்னும் கொள்கை இதில் இயல்பாகவே அமைந்தது எனலாம். ஆயினும் இதில் ஒரு வேடிக்கை உண்டு. குறித்த சாளரம் தோன்றியிருக்கின்றதா என்பதை அறியும்பொருட்டு அதன் பண்பை வினவினால், வினவிய அச்செயலே அதனை ஆக்கிவிடும். உறங்குகின்றவனைத் தட்டி, "உறங்குகின்றாயோ?" என்று கேட்பதை ஒத்தது இது. விடை கிடைக்கும், உறக்கம் கலைந்திருக்கும்.

வேண்டும்பொழுது ஆக்கும் முறை சொல்லுதற்கு எளிது. ஒவ்வொரு சாளரத்திற்கும் ஒரு மாறி உண்டு. தொடக்கத்தில் அம்மாறி வெறுமையாக இருக்கும். எழுதுவினைஞர் சரக்குப் பட்டியல் என்னும் பொத்தானை அழுத்தியவுடன், செய்நிரல் முதலில் அம்மாறி வெறுமையா என்று நோக்கும். வெறுமையாயின் சாளரத்தை ஆக்கி, அதன் முகவரியை மாறியில் இடும். வெறுமையன்றாயின் முன்னே ஆக்கப்பட்டதையே எடுத்துக்கொள்ளும். பின்னர்த் திரையிற் காட்டும். மூன்றே செயல்கள். இவற்றை நாற்பது பொத்தான்களிலும் நாற்பது முறை எழுதாது, ஒரு பொதுச் செயன்முறையாக ஓரிடத்தில் எழுதி அழைத்தலே அறிவுடைமை.

முதற் செயலாகிய நோக்குதலைப் பலர் விட்டுவிடுவர். விட்டால் விளைவு யாது? சாளரம் தோன்றச் சற்றுத் தாமதிக்கும். பொறுமையிழந்தவர் மீண்டும் அழுத்துவர். ஒரே கப்பலுக்கு இரண்டு சரக்குப் பட்டியற் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறக்கும். மேலதில் ஒரு திருத்தமும் கீழதில் வேறொரு திருத்தமும் செய்து இரண்டையும் சேமித்தால், பின்னது முன்னதை அழித்துவிடும். கணினியில் வேகக் குறையாகத் தொடங்கிய பிழை கணக்கிற் பொய்யாக முடியும் வகை இது.

இம்முறையில் அரிய பகுதி ஆக்கல் அன்று, அழித்தலே. சாளரத்தை மூடும் அடையாளத்தைப் பயன்படுத்துபவர் அழுத்தும்பொழுது நிகழ்வது யாது என்பதைச் செய்நிரலர் தெளிவாக முடிவு செய்தல் வேண்டும். இருவகை முடிவுகள் உண்டு. மூடிய சாளரத்தை மறைத்து வைத்துக்கொள்ளல் ஒன்று. அடுத்த முறை அது விரைவிற் தோன்றும், ஆனால் நினைவகம் மீளாது. முன்னிருந்த எழுத்துக்களும் அதில் எஞ்சிநிற்கும். முற்றாக அழித்துவிடல் மற்றொன்று; நினைவகம் மீளும், ஆனால் அடுத்த முறை ஆக்கும் செலவு மீண்டும் வரும். நாள்தோறும் பலமுறை திறக்கும் சாளரத்திற்கு முன்னதும், அரிதிற் திறப்பதற்குப் பின்னதும் ஏற்றவை. அழிக்கும்பொழுது மாறியை மீண்டும் வெறுமையாக்க மறத்தல் கொடிய பிழை. டெல்பியில் சாளரத்தை விடுவிக்கும் சாதாரணக் கட்டளை சாளரத்தை அழிக்குமேயன்றி மாறியைத் தொடாது. மாறி பழைய முகவரியைக் காட்டிக்கொண்டே நிற்கும். வெறுமையா என்று நோக்கும் செய்நிரல், வெறுமையன்று என்று கண்டு, இல்லாத சாளரத்தைக் காட்டப் புகும். வீட்டை இடித்த பின்பும் முகவரிப் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கடிதம் அனுப்புவதை ஒக்கும். சில வேளைகளில் அவ்விடம் வெறுநிலமாகக் கிடக்கும். சில வேளைகளில் அங்கே வேறொருவர் குடியேறியிருப்பர். பின்னையதே ஆபத்து மிக்கது. என்னையெனின், உடனே பிழை வெளிப்படாது, வேறெங்கோ வேறொரு நாளில் வெளிப்படும். இதனாலேயே விடுவித்தலையும் வெறுமையாக்கலையும் ஒருங்கே செய்யும் தனிக் கட்டளை ஒன்றையும் டெல்பி ஆக்கியோர் பின்னர் வழங்கினர்.

வினா ஒன்றைக் கேட்டு விடையைப் பெறும்வரை பிற சாளரங்களைத் தடுத்து நிற்கும் சாளரங்கள் ஒரு தனி வகை. அவற்றுக்கு மாறி ஒன்றை நெடிது பேணவே வேண்டியதில்லை. ஆக்கி, காட்டி, விடையை வாங்கி, இடையிற் பிழை நேரினும் நேராவிடினும் தவறாது அழித்துவிடும் ஒரே தொகுதியாக எழுதுதல் போதும்.

பழைய செய்நிரல் ஒன்றை இம்முறைக்கு மாற்றப் புகுவார் எதிர்கொள்ளும் பெருந்தடை வேறொன்று. அஃது இம்முறையின் குறையன்று; பழைய எழுத்தில் மறைந்திருந்த குறை. துறைமுகக் கட்டண வீதத்தை அமைப்புச் சாளரத்திலுள்ள ஓர் எழுதும் பெட்டியில் இட்டுவைத்து, பற்றுச்சீட்டுச் சாளரம் அப்பெட்டியை நேரே எட்டிப்பார்த்து வீதத்தை எடுத்துக்கொள்வதாக எழுதப்பட்டிருக்கும். எல்லாச் சாளரமும் எப்பொழுதும் இருக்கும் வரையில் இது நடக்கும். அமைப்புச் சாளரத்தை வேண்டும்பொழுது மட்டும் ஆக்குவதென மாற்றியவுடன் பற்றுச்சீட்டு வீழ்ந்துவிடும். பலர் இதனைக் கண்டு அஞ்சிப் பழைய முறைக்கே திரும்புவர். திரும்புதல் தவறு. கட்டண வீதம் என்பது அலுவலகத்தின் செய்தி. அது சாளரத்தின் உடைமையன்று. சாளரம் அதனைக் காட்டும் வாயில் மாத்திரமே. செய்தியை அதற்குரிய தனியிடத்தில் வைத்து, இரு சாளரங்களும் அங்கிருந்து பெறுமாறு செய்தால், எச்சாளரம் இருக்கின்றது எச்சாளரம் இல்லை என்னும் கவலையே எழாது. தாமதத்தைக் குறைக்கப் புகுந்தவர் செய்நிரலின் அமைப்பையே செம்மை செய்தவராகின்றார். உண்மையில், வேகத்தினும் இவ்வூதியமே பெரிது எனத் துணிந்து கூறலாம்.

வேண்டும்வரை செய்யாதிருத்தல் என்னும் கருத்து சாளரங்களுக்கு முற்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1962 டிசம்பரிற் தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணினியின் விரைவான நினைவகம் 16,384 சொற்களையே கொள்ளும். மந்தமான உருளை நினைவகமோ அதன் ஆறு மடங்கு. செய்நிரல் முழுவதையும் விரைவான நினைவகத்தில் ஏற்றாது, 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, எப்பக்கம் தீண்டப்படுகின்றதோ அப்பக்கத்தை மாத்திரம் அப்பொழுது கொணரும் ஏற்பாட்டை அதன் ஆக்கியோர் வகுத்தனர். இற்றைக் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் அவ்வேற்பாட்டின் மேலேயே இயங்குகின்றன. 1976 இல் கென்டர்சனும் மொறிசும் சேர்ந்து எழுதிய கட்டுரையும், அதே ஆண்டில் பிறீட்மனும் வைசும் எழுதிய கட்டுரையும் இக்கருத்தைச் செய்நிரல் மொழிகளின் இலக்கணத்திற்கே கொண்டு சென்றன: ஒரு கோவையின் பெறுமானம் எவர்க்கேனும் தேவைப்படும்வரை அதனைக் கணியாதே. ஆங்கிலேயர் இதற்குச் சோம்பற் கணிப்பு என்று பொருள்படும் பெயரை இட்டனர். பெயர் பொருந்தாது. சோம்பியிருப்பவன் வேண்டியபொழுதும் செய்யான்.

இத்துணையும் கூறியதனால் முன்கூட்டி ஆக்கல் எப்பொழுதும் பேதைமை என்று கொள்ளற்க. இதற்குத் திருகோணமலையிலேயே கண்கூடான சான்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னைய ஆண்டுகளில் பிரித்தானியர் சீனக்குடாவைச் சூழ்ந்த காட்டிலே நூற்றுக்கு அண்மித்த எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்வது. கடற்படையின் தேவை எப்பொழுது எழும் என்று நாட்குறித்துச் சொல்லல் இயலாது. எழுந்த பின் தாங்கி கட்டத் தொடங்கின் போர் காத்திராது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபொழுது தாங்கி ஒன்று அழிந்தது, ஏனையவை நின்றன. தேவை உறுதியானது, திடீரென வருவது, ஆக்குதற்கோ நெடுங்காலம் வேண்டுவது என்னும் மூன்றும் ஒருங்கே கூடியவிடத்து முன்கூட்டி ஆக்கலே முறை என்பதை அத்தாங்கிகள் காட்டின.

அதே தாங்கிகள் மறுபக்கத்தையும் காட்டின. 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்து நீங்கியது. 1964 இல் இலங்கை அரசு தாங்கிகளை வாங்கிக்கொண்டது. ஆக்கியவர்க்கு இருந்த தேவை வாங்கியவர்க்கு இருக்கவில்லை. தொண்ணூற்றொன்பது தாங்கிகளிற் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றைச் சூழக் காடு வளர்ந்தது. 2022 சனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 14 தாங்கிகள் லங்கா இந்திய எண்ணெய் நிறுவனத்திற்கும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திற்கும் என வகுக்கப்பட்டன. ஆக்கியபின் பயன்படாதிருக்கும் பொருள் இடத்தை மாத்திரம் பிடிப்பதன்று. அதனைக் காத்தல், செப்பஞ்செய்தல், யார்க்கு உரியது என வழக்காடல் ஆகிய சுமைகளையும் உடன் கொணர்வது. செய்நிரலில் மறைந்து கிடக்கும் சாளரமும் அவ்வாறே. அது தரவுத்தளத்தோடு கொண்ட தொடர்பை விடாது பிடித்திருக்கும். காலையில் வாசித்த பட்டியலை மாலையில், அது பழையதான பின்பும், உண்மை போலக் காட்டும். நண்பகலில் ஒருவர் புதிய கப்பலின் பெயரைப் பதிந்திருப்பார். காலையிலேயே ஆக்கப்பட்ட சாளரத்தின் பட்டியலில் அப்பெயர் இராது.

வேண்டும்பொழுது ஆக்கும் முறைக்கு எதிராகக் கூறத்தக்க வலிய நியாயம் ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் ஆக்கும் செய்நிரலில், ஏதேனும் ஒரு சாளரம் பழுதுற்றிருப்பின் அது காலையிலேயே வெளிப்படும். வேண்டும்பொழுது ஆக்குவதிலோ பழுது வேண்டும்பொழுதே வெளிப்படும். ஆபத்தான சரக்கு அறிவித்தற் சாளரம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை திறக்கப்படுவது எனக் கொள்க. இடையில் எவரோ தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையின் பெயரை மாற்றிவிட்டார். ஆறு மாதம் எவர்க்கும் தெரியாது. தீப்பற்றும் சரக்குடன் ஒரு கப்பல் வெளித்துறையில் நங்கூரமிட்டு அனுமதிக்குக் காத்திருக்கும் இரவிலே, பணியிலிருக்கும் இளைய எழுதுவினைஞர் அப்பொத்தானை அழுத்துவார். திரையிற் பிழைச் செய்தி தோன்றும். இந்நியாயத்தை எளிதிற் தள்ளிவிடல் ஆகாது. பழைய முறையை விரும்பும் அனுபவசாலிகள் பலர் மனத்தில் இருப்பது இதுவே. எனினும் இதற்கு மாற்று, நாள்தோறும் நாற்பது சாளரங்களையும் ஆக்கி எல்லாரையும் காத்திருக்கச் செய்வதன்று. செய்நிரலிலோ தரவுத்தளத்திலோ ஒரு மாற்றம் செய்யும்தோறும், அம்மாற்றத்தை அலுவலகத்திற்கு வழங்குமுன், எல்லாச் சாளரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும் சிறு சோதனைச் செய்நிரலை ஓட்டுதலே மாற்று. சோதனை செய்நிரலரின் கடமை; அதன் செலவை ஒவ்வொரு காலையும் எழுதுவினைஞரிடம் அறவிடுதல் நீதியன்று.

முதன்முறை திறக்கும்பொழுது நேரும் சிறு தாமதமும் ஒரு குறையே. நாற்பது செலவுகளையும் காலையில் ஒன்றாக இறுக்காது, வேண்டியவற்றை மாத்திரம் தவணையாக இறுக்குவதே இம்முறையின் இயல்பாதலால், ஒவ்வொரு தவணையும் உணரப்படும். கப்பல் வரவுச் சாளரத்தைப் போல நாள்தோறும் உறுதியாகத் திறக்கப்படுவதனைப் பின்போடுவதில் ஒரு பயனும் இல்லை. அதனை முதன்மைச் சாளரத்துடன் ஆக்கிவிடலாம். இடைநிலையிலுள்ள சிலவற்றுக்கு நடுவழி ஒன்றும் உண்டு. முதன்மைச் சாளரம் தோன்றி, எழுதுவினைஞர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுக்கொண்டிருக்கும் ஓய்வுக் கணங்களில், அடிக்கடி வேண்டப்படும் இரண்டு மூன்று சாளரங்களைச் செய்நிரல் ஓசையின்றி ஆக்கிவைத்தல் கூடும். இதில் அளவு மிஞ்சலாகாது. மிஞ்சின் பழைய வழக்கமே புறவாயிலால் நுழையும்.

டெல்பி முதலிய கருவிகளில் சாளரப் பொருள் ஆக்கப்பட்டாலும், அது காட்டப்படும்வரை பணிசெயல் முறைமையிடமிருந்து கைப்பிடியைப் பெறாது பின்போடும் ஏற்பாடு உட்புறத்தே அமைந்துள்ளது என்று சிலர் எடுத்துக்காட்டுவர். அது மெய்யே. ஆயினும் விவரணத்தை வாசித்தலும், உறுப்புக்களை ஆக்கலும், பட்டியல்களைத் தரவுத்தளத்தினின்று பெறுதலும் அவ்வேற்பாட்டால் நீங்கா. காலையில் இருபது செக்கனை விழுங்கியவை இவையேயன்றிக் கைப்பிடிகள் அல்ல.

இக்கூற்றுக்களை மாணவர் தாமே சோதித்தறியலாம். வின்டோஸ் முறைமையின் பணி முகாமையாளரில், விவரப் பக்கத்து நிரைகளின் தலைப்பை வலது பொத்தானால் அழுத்தினால், பயனர்ப் பொருள்கள் என்னும் நிரையைச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. ஒரு செய்நிரல் அக்கணத்தில் எத்துணைச் சாளரக் கைப்பிடிகளையும் அவற்றை ஒத்த பிற பொருள்களையும் பிடித்திருக்கின்றது என்பதை அந்நிரை எண்ணாற் காட்டும். செய்நிரலைத் தொடங்கி அவ்வெண்ணைக் குறித்துக்கொள்க. ஒரு சாளரத்தைத் திறந்து மூடி, மீண்டும் குறித்துக்கொள்க. இவ்வாறு பத்து முறை செய்க. சாளரம் மறைத்து வைக்கப்படுவதாயின் எண் முதன்முறை உயர்ந்து பின்னர் அவ்வளவிலேயே நிற்கும். அழிக்கப்படுவதாயின் ஏறத்தாழத் தொடக்க எண்ணுக்கே மீளும். ஒவ்வொரு முறையும் அறுபது அறுபதாக ஏறிக்கொண்டே போமாயின், அச்செய்நிரல் வேண்டும்பொழுது ஆக்கக் கற்றுக்கொண்டது. அழிக்க இன்னும் கற்கவில்லை.